தெய்வத்தின் முன் வைக்கும் மது

தனக்கு ஆகாதென்று மனிதன் விலக்கிய ஒரு பொருளைத் தன் தெய்வத்துக்குப் படைக்கலாமா என்பதும், படைத்ததைப் பிரசாதமென்று எடுத்து அருந்தலாமா என்பதும், எங்கோ மடங்களில் சாஸ்திர விசாரணை செய்வோருக்கு மட்டும் உரிய கேள்விகள் என்று நினைப்பவர்கள், பினாங்குத் தீவிலும் அதன் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் வாழும் தமிழர்களின் ஓராண்டு வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். தை மாதத்தில் பல நாள் விரதமிருந்து, மரக்கறி மட்டும் உண்டு, தரையில் படுத்து, காவடி சுமந்து, முருகன் கோயில் கொண்ட தண்ணீர்மலை ஏறுகிற இளைஞன், ஆடி மாதத்தில் முனீஸ்வரர் சந்நிதியில் சுருட்டையும் ஸ்டவுட் போத்தலையும் வைத்துக் கும்பிட்டு நிற்கிறான். வேறொரு மாலையில் ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு ஒன்றில் நண்பர்களோடு அமர்ந்து, சிறிய பட்டறைகளில் வடித்த பீரை ஒவ்வொரு மிடறாகச் சுவைத்து அதன் கசப்பையும் மணத்தையும் பற்றி விவரமறிந்தவனாகப் பேசுகிறான். இம்மூன்று நிலைகளுள் எது அவனுடைய சமயம், எது அவனுடைய பழக்கம், எது வெறும் பொழுதுபோக்கு என்று பிரித்துச் சொல்ல அவனாலேயே முடியாது. அவனைக் குறை கூறுவது என் நோக்கமில்லை. அவனுக்கு இந்தக் கேள்வியைத் தெளிவாக எடுத்துச் சொல்ல நம்முள் யாரும் இதுவரை போதிய சிரத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம்.

கிராஃப்ட் பீர் என்று இப்போது வழங்குகிற இந்தப் பானம், பெரிய ஆலைகளின் ஒரே மாதிரியான சரக்குக்கு மாற்றாக, சிறிய அளவில், வடிப்பவனின் கைப்பக்குவம் தெரியும்படி உண்டாக்கப்படுவது. முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, நீர் ஆகியவை அதன் பழைய மூலப்பொருள்கள். இவற்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாதென்று பவேரியா நாட்டில் 1516இல் ஒரு கட்டளையே பிறந்தது. இக்காலத்துச் சிறு வடிப்பாளர்களோ அந்த வரம்பைத் தாண்டி, பழங்களையும் காப்பிக்கொட்டையையும் வாசனைத் திரவியங்களையும் சேர்த்துப் புதுப்புதுச் சுவைகளைத் தேடுகிறார்கள். இதற்கென்று விழாக்களும் உண்டு. 1810இல் பவேரிய இளவரசர் லுட்விக்கின் திருமணத்தையொட்டி மூனிக் நகரில் தொடங்கிய அக்டோபர் விழா, பினாங்கிலும் மலேசிய–ஜெர்மானியச் சங்கத்தாரால் கொண்டாடப்பட்டு வருகிறது. 2017இல் கோலாலம்பூரில் நடக்கவிருந்த ‘பெட்டர் பீர் ஃபெஸ்டிவல்’ என்னும் விழாவுக்கு, சமய உணர்வை முன்னிட்டு எழுந்த எதிர்ப்புக்குப் பின் மாநகராட்சி அனுமதி மறுத்தது. அப்போது எழுந்த வாதங்கள் பெரும்பாலும் உரிமையைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியுமே அமைந்தன. மதுவுக்கும் மனித ஆத்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்ற மூலக் கேள்வியை இரு தரப்பாரும் தொடவில்லை.

அந்த மூலக் கேள்விக்குப் பல விடைகளை ஒரே தெருவில் வரிசையாகக் காணக்கூடிய ஊர் ஜார்ஜ் டவுனைப் போல உலகில் அதிகமில்லை. முன்பு பிட் ஸ்திரீட் என்று பெயர் பெற்றிருந்த, இன்று மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை என்று வழங்கும் வீதியின் ஒரு முனையிலிருந்து நடந்து வந்தால், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் திராட்சை மதுவே ஆராதனையின் நடுநாயகமாக இருக்கிறது. அதைப் பருகுவது இறைவனோடு ஒன்றுபடுவதன் அடையாளம். சற்றுத் தள்ளிக் கருணைத் தெய்வமாகிய குவான் யின் கோயிலில், பௌத்த பஞ்சசீலத்தின் ஐந்தாவது விதி மயக்கும் பொருளைத் தொடாதே என்கிறது. புகை கமழும் அந்தச் சந்நிதியில் அம்மைக்குப் பழமும் பூவும் உகந்தவை. 1801இல் காதர் மொகிதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவரால் நிறுவப்பெற்ற பள்ளிவாசலில், மது முற்றும் விலக்கு. அந்த விலக்கும் ஒரே நாளில் இறங்கியதன்று. நன்மையைக் காட்டிலும் தீமையே அதில் மிகுதி என்று முதலிலும், மயங்கிய நிலையில் தொழுகையை அணுகாதீர் என்று அடுத்தும், அறவே விலகுங்கள் என்று முடிவிலும், மனித இயல்பை அறிந்து படிப்படியாக வந்தது என்பதைத் திருக்குர்ஆனைக் கற்றோர் விளக்குவர். 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும் இங்கேயே அருகில் இருக்கிறது. ஆகம முறைப்படி பூஜை நடக்கும் அச்சந்நிதியில் பாலும் பழமும் பொங்கலுமே நிவேதனம். ஆனால் அந்த அம்மையைத் தாயகத்தில் கிராம எல்லையில் வழிபட்ட நம் முன்னோர், அவளுடைய காவல் தேவதைகளுக்குக் கள்ளும் சாராயமும் படைத்தார்கள் என்பதும், அந்த வழக்கம் தோட்டப்புறங்களில் இன்றளவும் நீங்கவில்லை என்பதும் மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல.

நம்முடைய சமயத்தார் ஏனையோரைப் போல இதற்கு ஒரு விடை தரவில்லை. பல விடைகளை ஒருங்கே வைத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே உள்ள முரணைத் தீர்க்காமலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். தண்ணீர்மலை முருகனுக்கு முன் நின்று திருமுருகாற்றுப்படையை ஓதுகிற அடியார்கள், அந்த நூலிலேயே குன்றுதோறாடும் முருகனைப் பாடும் பகுதியில், மலைவாழ் குறவர் மூங்கிற் குழாயில் நெடுநாள் முதிர்ந்த தேன்கள்ளை உறவினரோடு அருந்தி, சிறுபறை கொட்டிக் குரவை ஆடி அப்பெருமானை மகிழ்விப்பதை நக்கீரர் மனமார வருணித்திருப்பதை நினைவுகூர வேண்டும். பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் வியப்பான ஒரு விவரம் இருக்கிறது: குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆற்றி, புற்றாஞ்சோற்றைப் போலத் தோன்றும் நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியும்படி வாய் உறுதியான சாடியில் வைத்து முதிரவிட்டுப் பிழிந்தெடுக்கும் ஒரு பானத்தின் செய்முறை, சமையல் நூல் எழுதுவோர் வெட்கும்படி அத்தனை நுட்பமாக அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. தானியத்தைப் புளிக்கவைத்து வடித்த அப்பானம், பொருளால் பீருக்கு உடன்பிறப்பே. இன்றைய இளைஞன் ஐரோப்பாவிலிருந்து வந்த புதுமையென்று வியக்கும் கலை, காஞ்சியை நோக்கி நடந்த பாணனுக்கு வழியிலேயே கிடைத்திருக்கிறது.

பின்னர் வள்ளுவர் வந்தார். கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, பெற்ற தாயின் முன்னேயே வெறுக்கத்தக்க களிப்பு சான்றோர் முன்னே எப்படியிருக்கும் என்று கேட்டார். திருமூலரும் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் அதே பெயரால் ஒரு பகுதி அமைத்து, கள்ளால் வரும் களிப்பையும் சிவானந்தமாகிய தேறலையும் எதிரெதிரே நிறுத்தி, மதுவைக் கொண்டு தேவியை வழிபடும் வாமமார்க்கத்தாரையும் கண்டித்தார். திருமூலர் கூறுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆனந்தம் வேண்டாமென்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனந்தத்தைத் தேடுவது ஆன்மாவின் இயல்பு என்பதை ஒப்புக்கொண்டு, இடையில் வந்து நிற்கும் போலியை நீக்குகிறார். ஆகவே மதுவைப் பற்றிய நம் விசாரணை, அது உடலுக்குக் கேடு, பொருளுக்குக் கேடு என்ற அளவில் நின்றுவிட்டால், வைத்தியரும் கணக்கப்பிள்ளையும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சமயம் சொல்ல வேண்டியதை விட்டவர்களாவோம்.

கள் உண்டாகும் விதத்தைக் கண்டவர்களுக்கு, பழங்காலத்தார் அதைத் தெய்வத்தோடு ஏன் சேர்த்தார்கள் என்பது விளங்கும். தென்னம்பாளை வெடிப்பதற்கு முன்பே அதை நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் சிறு கட்டையால் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயத்தைப் பொருத்திவிட்டுத் தொழிலாளி இறங்கிவிடுகிறார். காலையும் மாலையும் ஏறி மெல்லிய ஏடாக மறுபடியும் சீவுவதோடு அவர் வேலை முடிந்தது. சொட்டுச் சொட்டாக விழும் இனிய சாறு, எவரும் எதையும் சேர்க்காமலே, காற்றிலும் கலயத்திலும் உள்ள கண்ணுக்குப் புலப்படாத உயிர்களால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிறது. மறுநாள் புளித்து, மேலும் சில நாளில் காடியாகிறது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் அந்த மாறுதல் நிகழாது. அதே பாளையின் அதே சாறு பதநீராகக் குழந்தைக்கும் கொடுக்கத்தக்கதாக இருக்கிறது. பவேரியக் கட்டளை ஈஸ்ட் என்னும் நொதியைக் குறிப்பிடவில்லை; அது ஓர் உயிர்ப்பொருள் என்பதை அக்காலத்தார் அறிந்திருக்கவில்லை. லூயி பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றி எழுதிய நூலும், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் 1883இல் எமில் ஹான்சன் நொதியைத் தனிப்படுத்தி வளர்த்ததும்தான் அந்த மறைபொருளை வெளிப்படுத்தின. அதுவரையில், மனிதன் கலயத்தைக் கட்டிவிட்டு விலகி நிற்க, அவன் செய்யாத ஒன்று அவன் இல்லாதபோது நிகழ்ந்தது. அதில் ஒரு சாந்நித்தியத்தை உணர்ந்து முதற்குவளையை அந்தச் சக்திக்கே திருப்பிக் கொடுத்தவர்களை அறியாமையில் இருந்தவர்களென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் மலாயாத் தமிழனின் வரலாற்றில் கள்ளின் கதை இந்த நன்றியுணர்ச்சியோடு நிற்கவில்லை. ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று வெயில் ஏறும் வரை பால் மரம் சீவி, பிற்பகலில் லயத்துக்குத் திரும்பியவனுக்கு, நடக்கும் தூரத்தில் இருந்த ஆறுதல் கள்ளுக்கடை ஒன்றே. வாங்கிய கூலியின் ஒரு பகுதி அங்கேயே இறங்கியது. மனைவியும் மக்களும் அதன் பயனை அனுபவித்தார்கள். 1947இல், பினாங்குக்கு வடக்கே அதிக தூரமில்லாத கெடா மாநிலத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்து, போலீசாரோடு மோதலும் உயிர்ச்சேதமும் நேர்ந்து, மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் அழியாத ஓர் அத்தியாயமாயிற்று. அதற்கும் முன்பே, 1929 டிசம்பரில் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கிய ஈ.வெ. ராமசாமிப் பெரியார், காந்தியடிகளின் மதுவிலக்குக் காலத்தில் தமது தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தவர். தாயகத்தில் ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். தெய்வத்தை மறுத்த ஒருவரும், கீதையைப் போற்றிய ஒருவரும், எந்த நூலையும் கல்லாத தோட்டத் தொழிலாளிகளும் தத்தம் வாழ்வில் ஒரு கட்டத்திலாவது ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்றால், அதன் பின்னே எத்தனை பெண்களின் கண்ணீர் இருந்திருக்கும் என்பதை நாம் உணர வேண்டும்.

தோட்டத்து எல்லையில் மரத்தடியில் ஒரு கல்லும் ஓர் அரிவாளும் ஒரு மண்விளக்குமாக இருந்த முனியாண்டியும் அந்தத் தொழிலாளிகளோடு கப்பலேறி வந்த தெய்வந்தான். காட்டை அழித்துத் தோட்டமிட்ட காலத்தில் பாம்புக்கும் புலிக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சியவர்களுக்கு அவரே காவல். தாங்கள் உண்டதையும் குடித்ததையும் அவருக்குப் படைத்தார்கள். தங்களிடம் அதைவிட மேலானது எதுவும் இல்லை. இன்று அவர் முனீஸ்வரராகி, பல இடங்களில் கோபுரமும் கும்பாபிஷேகமும் பெற்று, சிவாம்சமாகப் போற்றப்படுகிறார். பிறை ஜாலான் பாருவில் உள்ள ஆலயத்துக்குப் புதிதாக வாங்கிய வாகனத்தைக் கொண்டுவந்து அவர் முன் நிறுத்தாமல் ஓட்டத் துணியாதவர்கள் எத்தனையோ பேர். இவ்வளர்ச்சியோடு, அவருடைய குவளையை என்ன செய்வது என்ற சங்கடமும் வளர்ந்திருக்கிறது. ஆகமம் அறிந்த குருக்கள் அதை அகற்றச் சொல்கிறார்; பரம்பரையாகப் பூசை செய்த குடும்பத்தார், பாட்டன் வைத்ததை நான் எப்படி எடுப்பேன் என்கிறார்கள்.

இரு பக்கத்துக்கும் பெரியோர் வாக்கின் துணை உண்டு. இலையோ பூவோ பழமோ நீரோ அன்போடு தந்தால் ஏற்பேன் என்று கண்ணன் கீதையில் கூறிய பட்டியலில் மதுவுக்கு இடமில்லை. காளத்தியிலோ, கண்ணப்பரான திண்ணனார் தாம் சுவைத்துப் பார்த்த ஊனையும் வாயில் முகந்து வந்த நீரையும் கொண்டு செய்த பூசையே தமக்கு உவப்பென்று சிவபெருமான் பூசகர் சிவகோசரியாருக்குக் கனவில் உணர்த்தினார். ஆனால் திண்ணனாரைப் பிரமாணமாகக் காட்டுவோர் அவர் வரலாற்றின் ஒரு பாதியை மறந்துவிடுகிறார்கள். அவர் சுவைத்தது, நல்லதைத் தேர்ந்து இறைவனுக்குக் கொடுப்பதற்காக. தாம் உண்ணவில்லை, உறங்கவில்லை. முடிவில் கண்ணையே கொடுத்தார். படைக்கும் சாக்கில் தாம் அருந்தியதாக அவர் சரித்திரத்தில் ஓரெழுத்தும் கிடையாது.

இவ்விஷயத்தில் எனக்கு ஔவையாரே வழிகாட்டி. அதியமான் களத்தில் விழுந்த பின், அவனுக்கு நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, வடித்த கள்ளைச் சிறிய கலத்தில் வார்க்கிறார்கள். மலையோடு கூடிய ஒரு நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று அவர் புறநானூற்றில் கேட்கிறார். முனியாண்டியின் கல்லுக்கும் அந்த நடுகல்லுக்கும் உள்ள உறவு வெளிப்படை. காவலனாய் நின்று மாண்டவனைக் கல்லில் நிறுத்தி, அவனுக்குப் பிரியமானதை வைத்து வணங்கும் மரபு அது. அந்த மரபின் வாசலிலேயே, பெறுகிறவன் பெறுகிறானா என்ற இந்தக் கேள்வியைத் தமிழின் மூதாட்டி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். அவளே இன்னொரு பாட்டில், கொஞ்சமாகக் கள் கிடைத்தால் தான் அருந்தாமல் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட எங்களோடு இருந்து மகிழ்ந்து அருந்துவான் என்று அவனை நினைந்து அழுகிறாள். குடியை வெறுக்காத அந்த உலகத்தில் குடிக்கு ஓர் அறம் இருந்தது. குறைவு வந்தபோது பிறர்க்கு ஈதல், நிறைவு வந்தபோது கூடி அருந்துதல், இறந்தவனுக்குச் சிறிய கலத்தில் ஒரு துளி: இவ்வளவே அதன் வரம்பு. தோட்டத்துக் கள்ளுக்கடையில் அழிந்துபோனது இந்த அறமே. ஈவதற்கு ஒன்றுமில்லாதவன், பாட்டும் உறவும் இல்லாத இடத்தில், தன்னை மறக்கத் தனியே குடித்தான்.

படையல் என்பது நாம் விட்டுக்கொடுப்பது. தெய்வத்துக்குப் பசியும் தாகமும் இல்லை என்பதை எளிய பக்தனும் அறிவான். ஆயினும் வைக்கிறான், ஏனெனில் தன் கையிலிருந்து ஒன்று நீங்கும்போது அவனுள்ளே ஏதோ ஒன்று இலேசாகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், முனியாண்டியின் முன் ஊற்றி மண்ணில் வார்க்கும் ஒரு சிறு குவளை படையலாகும். பெட்டி பெட்டியாகப் போத்தல்களை அடுக்கி, சூடம் அணைவதற்குள் எடுத்துச் சென்று பந்தலின் பின்புறத்தில் காலியாக்குவது படையலாகாது. அங்கே தெய்வத்தின் பெயர் வெறும் அனுமதிச்சீட்டாகப் பயன்படுகிறது. பினாங்கில் நம் அயலாரான சீனர்களிடமிருந்து இதில் கற்க வேண்டியது உண்டு. இம்மண்ணின் காவல் தெய்வமாக அவர்கள் வணங்கும் டத்தோ கோங்கை மலாய் முஸ்லிம் ஆவியென்று கருதுவதால், மற்ற தெய்வங்களுக்கு மனமுவந்து வைக்கும் பன்றி இறைச்சியை அவருக்கு ஒருபோதும் வைப்பதில்லை. வெற்றிலையும் பழமும் இலைச்சுருட்டும் வைக்கிறார்கள். தமக்கு இனியது எது என்று பாராமல் பெறுபவருக்கு உகந்தது எது என்று பார்க்கும் இந்த மரியாதையே வழிபாட்டின் உயிர்நாடி.

கிராஃப்ட் பீரை வடிப்போரையும் அதன் விழாக்களுக்குச் செல்வோரையும் பற்றி இந்த இடத்தில் நான் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். மதுவிலக்கில் நம்பிக்கையுள்ள குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அவ்விழாக்களின்பால் பற்றில்லை. ஆனாலும், சிறு கண்ணாடிக் குவளையில் கொஞ்சமாக ஊற்றி, நிறத்தைப் பார்த்து, மணத்தை முகர்ந்து, வடித்தவனின் பெயரையும் ஊரையும் கேட்டுப் பருகுகிறவனிடம், தன்னை மறக்கக் குடிக்கிறவனிடம் இல்லாத ஒரு கவனம் இருக்கிறது. கவனம் உள்ள இடத்தில் விவேகம் நுழைய வழியுண்டு. அவ்விழாவில் இல்லாதது, ஏற்றுக்கொள்ள ஒருவர். குன்றத்துக் குறவரின் குரவையில் முருகன் இருந்தான். அதியமானின் பந்தியில் பாணர் இருந்தனர். நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர் தமக்காகவே வாங்கித் தாமே சுவைத்துத் திரும்பும் கூட்டத்தில், யாருக்குக் கொடுக்கிறோம் என்ற வினாவுக்கே இடமில்லை. திருவிழா என்ற சொல்லை அதற்கு வழங்க நான் தயங்குவதற்குக் காரணம் இதுவே. அங்கே விற்கும் பொருள் எதுவென்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

தைப்பூசத்தின் நிலை வேறு. 1894ஆம் ஆண்டிலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, வழியெல்லாம் மலையாய்க் குவியும் தேங்காய்கள் உடைபட, தண்ணீர்மலையை நோக்கிப் பகல் முழுவதும் நகர்ந்து செல்கிறது. அந்தப் பாதையில் நடப்பவன் ஏற்கெனவே ஒரு மயக்கத்தை நாடியே வந்திருக்கிறான்; விரதத்தாலும் நாமத்தாலும் கால்நடையாலும் வரும் அந்தத் தன்மறதி, திருமூலர் சொன்ன தேறலின் முதற்சுவை. அதன் நடுவே போத்தலோடு ஆடிவருகிறவன் காவடி சுமப்பவனின் பல நாள் விரதத்தைக் கெடுக்கிறான். ஆலய நிர்வாகங்கள் ஆண்டுதோறும் இதைத் தவிர்க்கும்படி வேண்டிக் கேட்டுக்கொண்டும், இது முற்றிலும் நீங்கவில்லை.

ஆகவே, பினாங்கிலும் செபராங் பிறையிலும் முனீஸ்வரர் ஆலயங்களைப் பரிபாலிக்கும் பெரியோர்களை நான் வணக்கத்தோடு கேட்டுக்கொள்வது இது: உங்கள் பாட்டனார் வைத்த குவளையை வெட்கப்பட்டு எடுத்துவிடாதீர்கள், ஒன்றே வையுங்கள், சிறியதாக வையுங்கள், வைத்ததை மண்ணில் வார்த்துவிடுங்கள். திருவிழாவுக்காக வந்து சேரும் போத்தல்களை ஏற்க மறுத்து, அந்தப் பணத்தை அன்னதானத்துக்குத் தரச் சொல்லுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும்போது மது அருந்தாமல் வாருங்கள், அருந்திய நண்பனை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள்.